ரேம் கூட்டிய பிறகு கம்ப்யூட்டர் நின்று நின்று போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். குளச்சல், முட்டம், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மிஷின் வரும். "அண்ணே, ரேம் போட்டேன். அதிலேருந்து நின்னு நின்னு போகுது" என்ற பேச்சை வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது கேட்டுவிடுவேன். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே எழுதி வைத்தால் எல்லோருக்கும் ஆகும். மேசைக் கம்ப்யூட்டரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். லேப்டாப்புக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி உண்டு.

புது ரேம் போட்ட அன்றே ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் திரை) வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

புதிதாகப் போட்டதைக் கழற்றுங்கள். பழைய ரேமை மட்டும் அது முன்பு இருந்த ஸ்லாட்டிலேயே வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வெப்ராளப்பட்டு உடனே விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டாம். பழுதான ரேமின் மேல் விண்டோஸ் ஏற்றினால் புது விண்டோஸும் பழுதாகத்தான் ஏறும்.

பழைய ரேமோடு ஒழுங்காக ஓடினால் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கிறது: புது ரேம், அதைச் செருகிய ஸ்லாட், அல்லது பழையதும் புதியதும் ஜோடி சேராதது. பழைய ரேமோடும் நின்றால், கேபினட்டைத் திறந்த நேரத்தில் வேறு எதையோ அசைத்திருப்பீர்கள். ஹார்ட் டிஸ்க் கேபிள், 24 பின் பவர் கனெக்டர், கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அது, இவற்றை எல்லாம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இதெல்லாம் முடிந்து காரணம் தெரியும் வரைக்கும் அந்த மிஷினில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் நிற்கிறது. மறுபடி ஆன் செய்தால் ஓடுகிறது. அப்படியே ஓட்டினால் என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், 8 ஜிபி இருந்த மிஷினில் இன்னொரு 8 ஜிபி போட்டார். அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு தடவை நின்றது. ஆன் செய்தால் ஓடியதால் அவரும் விட்டுவிட்டார். அப்படி மூன்று வாரம் போனது. அதற்குள் ஒரு கல்யாணத்தின் படங்களைக் கேமரா கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, கார்டை ஃபார்மட் செய்து, அடுத்த கல்யாணத்துக்கும் கொண்டுபோய்விட்டார். ஆல்பம் டிசைன் செய்ய உட்கார்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் முழங்கை வரைக்கும் எல்லாம் தெளிவு. அதற்குக் கீழே பச்சையும் ஊதாவுமாக ஒரு பட்டை, அதற்கும் கீழே வெறும் சாம்பல் நிறம். நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள் அப்படி. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தோம். கார்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொரு பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறியிருந்தார்கள். பெண் வீட்டாரிடம் அவர் எப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் எந்தக் கோப்பும் வழியில் ரேமில் தங்கிவிட்டுத்தான் போகிறது. ரேமில் ஒரு இடம் பழுதென்றால் அங்கே வைத்த 1 திரும்பி வரும்போது 0 ஆக வரும். அந்த இடத்தில் விண்டோஸின் சொந்த விஷயம் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வரும். உங்கள் படமோ பில் கணக்கோ இருந்தால் எதுவுமே வராது. தப்பான எழுத்து அப்படியே டிஸ்க்கில் பதிந்துவிடும். ஜேபெக் படத்தைச் சுருக்கிச் சேமித்திருப்பதால் ஒரு எழுத்து மாறினாலும் அதற்குப் பிந்திய பகுதி முழுக்கக் குழம்பிப் போகலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் சாதாரண ரேம் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

அதனால் நாளுக்கு ஒரு தடவை நிற்கிற மிஷின், நிற்காத மீதி நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பயம். புது ரேம் போட்ட நாளிலிருந்து நீங்கள் மாற்றிய, சேமித்த கோப்புகளை ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்கு முன்னால் எடுத்த பேக்கப் இருந்தால் அதன் மேல் புதிதாக எதையும் எழுதிவிடாதீர்கள்.

கோளாறு ரேமிலா, ஸ்லாட்டிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ரேம்களுக்குப் பழையது, புதியது என்று பென்சிலால் ஸ்டிக்கரின் ஓரத்தில் குறியிடுங்கள். ஸ்லாட்டுகளுக்கு பிராசஸர் பக்கத்திலிருந்து 1, 2 என்று எண் கொடுங்கள். இனி ஒரு நேரத்தில் ஒரே ரேம், ஒரே ஸ்லாட்.

பழைய ரேம் முதல் ஸ்லாட்டில், பிறகு இரண்டாவதில். புது ரேம் முதல் ஸ்லாட்டில், பிறகு இரண்டாவதில். மொத்தம் நான்கு சோதனை. ஒவ்வொன்றுக்கும் மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் சாஃப்ட்வேர், ஓட்டும் முறை கீழே) ஒரு சுற்று ஓட்டி முடிவைத் தாளில் எழுதுங்கள். புது ரேம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டினால் ரேம்தான் குற்றவாளி. எந்த ரேமைப் போட்டாலும் இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட். நான்கும் சுத்தமாக வந்து, இரண்டையும் சேர்த்துப் போட்டால் மட்டும் நின்றால் ஜோடிப் பொருத்தம்.

ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள். ரேமை இடம் மாற்றும்போதே பயாஸிலும் (விண்டோஸ் ஏறும் முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) கை வைத்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஒரு மாதம் கழித்து மறுபடி நிற்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

புது ரேம் கடையில் நன்றாக ஓடியது. வீட்டில் போட்டால்தான் நிற்கிறது. ஏன்?

உங்கள் வீடு கடற்கரையிலா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தேங்காப்பட்டணம் தொடங்கி குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், ராஜாக்கமங்கலம் துறை, கன்னியாகுமரி வரைக்கும் இருந்து வரும் மிஷின்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய மதர்போர்டு. இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் ரேம். அந்த ரேம் செருகியே இருந்ததால் அதன் காண்டாக்டுகளும் (அடி விளிம்பில் இருக்கும் தங்க நிறக் கோடுகள்) ஸ்லாட்டின் பின்களும் ஒன்றோடொன்று இறுகி, காற்று படாமல், பளிச்சென்று இருக்கும். காலி ஸ்லாட்டோ ஐந்து வருடமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஜன்னல் வழியாக வரும் உப்புக் காற்றை கேபினட் ஃபேன் உள்ளே இழுக்கும், தூசி படியும், ஆனி ஆடிச் சாரலில் அந்தத் தூசி ஈரம் வாங்கும், பிறகு காயும். டார்ச் அடித்து ஸ்லாட்டின் உள்ளே பார்த்தால் வரிசையாக இருக்கும் பின்களில் சில மட்டும் மங்கி, சில இடத்தில் வெளிர் பச்சையாகப் பூத்திருக்கும். தங்க முலாம் மிக மெல்லியது. அதில் நுண்ணிய துளை இருந்தாலும் உப்பும் ஈரமும் உள்ளே போய் அடியில் இருக்கும் செம்பை அரித்துவிடும்.

இப்போது புது ரேமை எங்கே செருகுகிறோம்? அந்தக் காலி ஸ்லாட்டில்தான். புது ரேமுக்குக் கெட்ட பெயர் வருகிறது, குற்றம் ஐந்து வருடம் சும்மா கிடந்த ஸ்லாட்டில் இருக்கிறது. கடைக்காரர் தன்னுடைய போர்டில் போட்டுக் காட்டினால் ஓடத்தான் செய்யும். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், நடுவில் வீணாகச் சண்டை வருகிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பல வீடுகள் மூடிக் கிடந்தன. ஓடுகிற மிஷினுக்குள் கொஞ்சம் சூடு இருக்கும், அதனால் ஈரம் தங்காது. அணைந்தே கிடந்தவற்றில் தங்கிவிட்டது. அடுத்த சில மாதங்களில் என்னிடம் வந்த ரேம் கேஸ்களில் நிறைய, ஸ்லாட்டைச் சுத்தம் செய்ததிலேயே சரியானவை.

இதே கோளாறு வேறு விதத்திலும் வரும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றுக் காலத்தில் மண்தூசி. அங்கே உப்பைவிடத் தூசிதான் எதிரி. ஸ்லாட்டின் அடியில் ஒரு சின்ன மணல் துகள் இருந்தாலும் ரேம் முழுதாக இறங்காது.

ஸ்லாட்டையும் ரேமையும் எப்படிச் சுத்தம் செய்வது?

சிபியுவின் பவர் வயரைப் பிளக்கிலிருந்தே உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரை உருவிய பிறகு பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கியிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். போர்டில் சின்ன விளக்கு எரிந்தால் அது அணையும்வரை காத்திருங்கள். கேபினட்டின் பெயிண்ட் அடிக்காத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ரேமுக்கு: பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற வெள்ளை ரப்பர் போதும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், முலாமைச் சுரண்டிவிடும். ரேமைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு தங்க நிறக் காண்டாக்டுகளின் மேல் பைய, ஒரே திசையில், நான்கைந்து தடவை இழுங்கள். மங்கலாக இருந்தது பளிச்சென்று மாறுவது கண்ணுக்கே தெரியும். இதை ஸ்லாட்டுக்கு மேலே வைத்துச் செய்யாதீர்கள், ரப்பர் துகள் உள்ளே விழும். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். கை கழுவும் சானிடைசர் அதற்குப் பதிலாகாது. அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுக்கு ஒட்டும்.

ஸ்லாட்டுக்கு: முதலில் மென்மையான பிரஷ்ஷும் ப்ளோயரும். பிறகு ரேமின் காண்டாக்டில் ஐபிஏ தடவி, அதே ஸ்லாட்டில் ஐந்தாறு தடவை செருகிச் செருகி எடுங்கள். ஒவ்வொரு தடவையும் துணியில் துடைத்தால் கறுப்பாக வரும். கறுப்பு வராமல் ஆனதும் அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். ஊசி, குண்டூசி, பிளேடு எதையும் ஸ்லாட்டுக்குள் விடாதீர்கள். ஒரு பின் வளைந்தால் அந்த ஸ்லாட்டின் கதை முடிந்தது. துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம். அந்த எண்ணெய்ப் படலம் அடுத்த காற்றுக் காலத்தில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செருகும்போது எவ்வளவு அழுத்த வேண்டும்? உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படுகிற அளவை விடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்த வேண்டும். ரேமின் அடிப்பக்கம் ஒரு வெட்டு இருக்கும். அது நடு மத்தியில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். ஸ்லாட்டில் இருக்கும் மேட்டோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் நேராக இறக்கி, இரண்டு பெருவிரலையும் இரண்டு மூலையில் வைத்து அழுத்துங்கள். ஒரு மூலையில் டக் என்று கேட்கும், மறு மூலையிலும் அதே மாதிரி டக் என்று கேட்க வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் லாக் இருக்கும். அங்கே லாக் இல்லாத பக்கம் பாதியில் நின்றிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. குனிந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தங்க நிறக் கோடு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை.

வெட்டு பொருந்தாவிட்டால் அழுத்தவே அழுத்தாதீர்கள். திருப்பிச் செருகியிருப்பீர்கள், அல்லது அது வேறு தலைமுறை ரேம்.

நான்கு ஸ்லாட் இருக்கிறது. எதில் போடுவது?

இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டின் கையேட்டில் படம் இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை.

இரண்டும் 8 ஜிபி, இரண்டும் டிடிஆர்4. பிறகு ஏன் ஜோடி சேரவில்லை?

ஜிபி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. டிடிஆர்4 என்பது ரேமின் தலைமுறைதான். அதிலேயே வேகம் 2400 இருக்கிறது, 2666 இருக்கிறது, 3200 இருக்கிறது. வேகம் வேறுபட்டால் போர்டு இரண்டையும் மெதுவாக இருக்கும் ரேமின் வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். அது பிரச்சினை இல்லை, சாதாரணமாக ஓடும். தகராறு எக்ஸ்எம்பியில்தான் வருகிறது. பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒரு வசதி உண்டு, டிடிஆர்5 ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்போ என்று இருக்கும். ரேம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய வேகம் பெரும்பாலும் அந்த வசதியை ஆன் செய்தால் மட்டும் கிடைக்கும் வேகம். டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் பல ரேம்கள் 1.35 வோல்ட்டில் ஓடும். ஒரு ரேமின் எக்ஸ்எம்பி கணக்கை அதைத் தாங்காத இன்னொரு ரேமின் மேலும் போர்டு சுமத்தினால் மிஷின் நிற்கும். சில நேரம் உடனே நிற்காது. ஆல்பம் டிசைன், வீடியோ ரெண்டர் மாதிரி ரேம் நிறையும் வேலையில்தான் நிற்கும்.

முதல் வைத்தியம் எளிது. பயாஸில் போய் எக்ஸ்எம்பியை அணையுங்கள். நின்று போவது நின்றுவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அலுவலக வேலை, டிடிபி வேலை, பிள்ளைகள் படிப்பு இவற்றில் 2400-க்கும் 3200-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது. பயாஸில் நுழைந்து குழம்பிவிட்டது என்றால், பவரை உருவிவிட்டு போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வரும். தேதியும் நேரமும் மட்டும் திருத்த வேண்டும்.

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும்போது பாரம் இன்னும் கூடும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் இரண்டு டிடிஆர்5 ரேம் போட்டால் அதிகாரப்பூர்வமான வேகம் 5200, நான்கு போட்டால் 3600-தான். கம்பெனியே அவ்வளவு இறக்கிச் சொல்லும்போது நான்கு ரேமை 6000-இல் ஓட்டப் பார்த்து நின்று போகிறது என்று வருத்தப்பட வேண்டாம். இனிமேல் வாங்குகிறவர்களுக்கு என் கருத்து: ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் ரேமை வாங்குங்கள். பழையதை விற்றுவிட்டுப் புது ஜோடி போடுவது கொஞ்சம் பணம் கூடுதலானாலும் கொள்ளாம்.

எந்த ரேம் என் போர்டுக்குச் சேரும்?

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று செருகாது, வெட்டு இடம் மாறியிருக்கும். ஆனால் ஒரே தலைமுறைக்குள்ளும் எல்லை உண்டு. இன்னும் நம் ஊரில் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் இன்டெல் எச்61 போர்டுகள் மொத்தம் 16 ஜிபிக்கு மேல் ஏற்காது. இன்னும் பழைய ஜி31 போர்டு என்றால் 4 ஜிபியோடு சரி.

விலை மிகக் குறைவாக இருக்கும் செகண்ட் ஹேண்ட் ரேமில் இரண்டு வலை இருக்கிறது. ஒன்று, சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம். டிடிஆர்3, டிடிஆர்4-இல் வடிவம் அதேதான், செருகவும் செருகும், ஆனால் வீட்டு போர்டில் ஓடாது. ஸ்டிக்கரில் வேகத்துக்குப் பக்கத்தில் ஆங்கில ஆர் எழுத்து ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். இரண்டு, ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும் டிடிஆர்3 ரேம். இன்டெல் போர்டில் போட்டால் ஒன்று டிஸ்ப்ளே வராது, இல்லை நின்று நின்று போகும். விற்கிறவரிடம் இன்டெல்லில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மெம்டெஸ்ட் எப்படி ஓட்டுவது? விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறதே?

இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடுங்கள். அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள், அது தவறவிடும் கோளாறுகளை மெம்டெஸ்ட்86+ பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மெம்டெஸ்ட்86+ இலவசம். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் பதிவிறக்கி, காலியான பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே உங்கள் மிஷினை ஆன் செய்ய வேண்டும். பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவிலிருந்து ஆன் ஆக மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள். திரையில் எண்கள் ஓடும், சதவீதம் நகரும். 16 ஜிபி என்றால் ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓடவிட்டு, காலையில் சாயா குடிக்கும்போது பாருங்கள். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் தோல்விதான். "ஒண்ணுதானே அண்ணே, பரவாயில்லையா?" என்று கேட்பவர்களுக்கு அந்தத் தாலி கட்டும் படத்தைத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு தடவையும் ப்ளூ ஸ்கிரீனில் வேறு வேறு பெயர் வருகிறது. எதை நம்புவது?

வேறு வேறு பெயர் வருவதே ஒரு தடயம். ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா, அடுத்த நாள் இன்னொன்று என்று மாறி மாறி வந்தால் ரேமைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். பழுதான இடத்தில் அன்றைக்கு எது உட்கார்ந்திருந்ததோ அதன் பெயரில் கூப்பாடு வருகிறது. எப்போதும் ஒரே பெயர், அதிலும் ஒரே டிரைவர் கோப்பின் பெயர் வந்தால் டிரைவரைப் பாருங்கள்.

ஆன் செய்தால் டிஸ்ப்ளேயே வரவில்லை. ரேம் போர்டைக் கெடுத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ரேம் சரியாக இறங்காததுதான். பீப் பீப் என்று தொடர்ந்து கேட்டால், அல்லது புது போர்டுகளில் டிராம் என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்தே இருந்தால், ரேம் பக்கம் கை காட்டுகிறது என்று அர்த்தம்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். ரேமை மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு அந்த ரேமைப் படித்துப் பழகிக்கொள்ளும். திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கும். பயந்துபோய் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து படிக்கும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

16 ஜிபி போட்டேன், பாதிதான் காட்டுகிறது.

ஒரு ரேமை போர்டு பார்க்கவே இல்லை என்றால் ஸ்லாட் சுத்தம், செருகல் இரண்டையும் மேலே சொன்னபடி பாருங்கள். போர்டு பார்க்கிறது, விண்டோஸ் மட்டும் 3 ஜிபிக்கு மேல் எடுக்கவில்லை என்றால் அது 32 பிட் விண்டோஸ். 64 பிட் ஏற்ற வேண்டும். 16-க்கு 15.8 என்று காட்டினால் கவலை வேண்டாம், உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

பிராசஸர் கூலரைக் கழற்றி மாட்டிய பிறகு ஒரு பக்க ஸ்லாட்டுகள் மட்டும் வேலை செய்யாமல் போவதும் உண்டு. ரேமை இயக்குவது பிராசஸருக்குள் இருக்கும் கன்ட்ரோலர். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலோ, கூலரை ஒரு மூலையில் மட்டும் இறுக்கியிருந்தாலோ ஒரு சேனல் (ஒரு பக்க ஸ்லாட்டுகளுக்குப் போகும் வழி) முழுதும் போய்விடும். அதை வீட்டில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) தாங்கவில்லை, மாற்று என்கிறார்கள். உண்மையா?

ஒரு டிடிஆர்4 ரேம் எடுப்பது மூன்று நான்கு வாட்தான். அதைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் ரேம் போடாவிட்டாலும் சீக்கிரம் படுத்துவிடும். ரேம் சோதனை முடிக்காமல் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் எர்த்தைப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? எர்த் இல்லாத பிளக்கில் மாட்டியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் வழியாக கேபினட்டில் கொஞ்சம் மின்னழுத்தம் ஏறி நிற்கும். ரேமைக் கையில் வைத்துக்கொண்டு அந்த கேபினட்டைத் தொடுவது ரேமுக்கு நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் இழுத்த பிறகு மற்ற வேலை. ஐப்பசி மழையில் சாயங்காலம் இடி தொடங்கினால் பவர் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் உருவி வையுங்கள். அருமனை, குலசேகரம் பக்கம் அந்தக் கேபிள் வழியாகத்தான் பல போர்டுகள் போயின.

லேப்டாப்பில் ரேம் போட்டேன், அதே கதை.

சோதனை முறை ஒன்றுதான். கூடுதலாக மூன்று விஷயம். கையை வைக்கும் முன் ஷட் டவுன் செய்து, சார்ஜரை உருவி, உள்ளே இருக்கும் பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள். தூக்க நிலையில் இருக்கும் லேப்டாப்பில் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். இரண்டாவது, இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப் என்றால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேம்தான் வேண்டும். 1.5 வோல்ட் டிடிஆர்3 செருகும், ஆனால் ஒத்துவராது. மூன்றாவது, லேப்டாப் ரேம் சாய்வாகச் செருகிப் படுக்க வைப்பது. முழுதாக உள்ளே போகாமலேயே படுத்து லாக் ஆகிவிடும். காண்டாக்டின் தங்கக் கோடு ஏறக்குறைய மறைந்த பிறகே படுக்க வையுங்கள்.

பழுதான ரேமைக் கழற்றிவிட்டேன். இன்னும் எப்போதாவது நிற்கிறது.

பழுதான ரேம் இருந்த நாட்களில் விண்டோஸின் கோப்புகளும் தப்பாக எழுதப்பட்டிருக்கலாம். மெம்டெஸ்ட் சுத்தமாக வந்த பிறகு, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து விண்டோஸின் கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஓட்டுங்கள், பிறகு டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் (chkdsk). அதற்கும் அடங்காவிட்டால் இப்போது விண்டோஸை மறுபடி ஏற்றலாம். இந்த வரிசை முக்கியம்: முதலில் ரேம், கடைசியில் விண்டோஸ்.

ரேம்தான் பழுது என்று உறுதியாகிவிட்டது. மாற்றித் தருவார்களா?

பில் இருந்தால் தருவார்கள். பெரிய கம்பெனிகளில் பல, ரேமுக்கு ஆயுட்கால வாரண்டியோ பல வருட வாரண்டியோ தருகின்றன. மூன்று நான்கு வருடம் ஆகிவிட்டதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது, அதிலிருக்கும் சீரியல் எண் கிழிந்தால் வாரண்டி போய்விடும். ரப்பரால் தேய்க்கும்போதும் ஸ்டிக்கர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெம்டெஸ்ட்டின் சிவப்பு வரி திரையை மொபைலில் படம் எடுத்து, நான்கு சோதனையின் தாளையும் கையில் கொண்டுபோங்கள். "எங்க போர்டில ஓடுதே" என்று சொன்னால், அங்கேயே மெம்டெஸ்ட் ஒரு சுற்று முழுதாக ஓட்டச் சொல்லி அது முடியும்வரை கடையில் இருங்கள். ஜோடியாக வாங்கிய ரேம் என்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றித் தந்தால் வருவது வேறு தயாரிப்பாக இருக்கலாம், பிறகு மறுபடி ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டிவரும்.